இன்னாத்தப் பார்க்கப் போற நைனா?

வா நைனா, இப்படித் திண்ணையில உக்காரு. வூட்டுல என்னமோ மீடியா சர்வர் வெக்கப் போறியாமே? உங்க அம்மா சொல்லிச்சு. சொல்றப்ப அதுக்குப் பெருமையும் கீது, பயமும் கீது. நாலு ஹார்ட் டிஸ்க் போடுற பொட்டி, அதுக்கு ஒரு யூபிஎஸ், அத்த நிறுத்த ஒரு இரும்பு ஸ்டாண்டு, ராத்திரியில கலர் கலரா வெளிச்சம் அடிக்கிற ஃபேன். கணக்குப் பார்த்தா உன் ரெண்டு மாசச் சம்பளம் கும்மிடிப்பூண்டியில ரயில் ஏறி நேரா ரிச்சி தெருவுல போய் இறங்குது. கேக்குறேன்னு கோச்சுக்காத. சிப்காட்டுல ஷிஃப்ட்டு மாத்தி மாத்திப் போற. நைட்டு முடிச்சு வந்தா சோத்துத் தட்டு மேலயே தூங்கி வுழுற. நாலு டிஸ்க் நெறையப் படம் வெச்சா அத்த எப்படா பார்ப்ப?

இதுல சர்வருக்குத் தனி ரூம் வேற வேணுமாம். குடியிருக்கிறதே வாடகை வூடு. மொதல்ல ஆறு செவ்வாக்கிழமை சிறுவாபுரி முருகனப் போய்ப் பார்த்துட்டு வா. சொந்த வூடு வேணும்னு ஊரே அங்க வரிசையில நிக்குது. சர்வருக்கு ரூம் கேட்டு நிக்கிற மொதல் ஆளு நீயாத்தான் இருப்ப.

தோ பாரு, இது ஒண்ணும் பிரம்ம ரகசியம் கிடையாது. படம், பாட்டு, போட்டோ எல்லாம் ஒரு டிஸ்க்குல கிடக்கும். எப்பவும் ஓடுற ஒரு கம்ப்யூட்டரு அத்த எடுத்து வூட்டு வைஃபை வழியா டிவிக்கும் போனுக்கும் அனுப்பும். அவ்ளோதான் விஷயம். எங்க காலத்துல டெக்கு வாடகைக்கு எடுப்போம். ஒரு டிவி, ஒரு டெக்கு, மூணு கேசட்டு. விடிய விடிய தெருவே உக்காந்து பார்க்கும். காலையில திருப்பிக் குடுத்துட்டா தொல்லை விட்டுது. எவனாச்சும் "எனக்கு எட்டு டெராபைட்டு போதுமா"ன்னு கேட்டானா?

சரி, எந்த சாஃப்ட்வேரு போடலாம்னு மண்டைய ஒடைச்சிக்கினு கீறியாமே. இதுக்கெல்லாம் ஒரு பாட்டன் உண்டு. 2002-ல எக்ஸ்பாக்ஸ்னு ஒரு விளையாட்டுப் பொட்டியில படம் பார்க்க நாலு பேரு ஆசைப்பட்டு எழுதினது. எக்ஸ்பிஎம்சின்னு பேரெடுத்து, 2014-ல கோடின்னு பேர மாத்திக்கிச்சு. அதுல கிளை விட்டு வந்ததுதான் பிளெக்ஸ். எம்பின்னு இன்னொருத்தன் மொதல்ல தன் புரோகிராம எல்லாருக்கும் திறந்துதான் வெச்சிருந்தான். 2018 கடைசியில கதவ மூடிட்டான். அப்ப ஆசைக்காரங்க சில பேரு அந்தப் பழைய புரோகிராம எடுத்துக்கினு தனியாப் போயி ஆரம்பிச்சதுதான் ஜெல்லிஃபின். இன்னிக்கும் அதுக்கு ஒரு பைசா கிடையாது. பிளெக்ஸு வூட்டுக்குள்ள பார்க்கிற வரைக்கும் இனாம்தான். 2025 ஏப்ரல்ல இருந்து வெளிய நின்னு பார்க்கணும்னா வெச்சிருக்கிறவனோ பார்க்கிறவனோ துட்டுக் கட்டணும். ஆயுசுக்கும் சேர்த்துக் கட்டுற சந்தா 120 டாலரா இருந்தது 250 ஆச்சு. படம் உன்னிது, டிஸ்க்கு உன்னிது, கரண்டு பில்லு உன்னிது. வாசல்ல நின்னு டிக்கெட்டு கிழிக்கிறவன் மட்டும் அவன். புதுசா ஆரம்பிக்கிற உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? ஜெல்லிஃபின்னப் போட்டுப் பாரு. புடிக்கலன்னா அழிச்சிட்டுப் போ. இன்னா நஷ்டம்?

இப்ப பொட்டி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போடு. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு சர்க்கார் நமக்கு இனாமாக் குடுக்குது, 2016-ல இருந்து. பழைய பெரிய டெஸ்க்டாப்பு சும்மா முழிச்சிக்கினு இருக்கவே 60 வாட்டு இழுக்குதுன்னு வெச்சுக்கோ. நாளைக்கு 24 மணி நேரம், 60 நாளு. எவ்ளோ ஆச்சு? 86 யூனிட்டு. சர்க்கார் குடுத்த இனாமுல ஏறக்குறைய எல்லாத்தையும் அந்தப் பொட்டியே துன்னுடுச்சு. ஃபிரிஜ்ஜு, மோட்டாரு, மிக்ஸி, ஃபேனு எல்லாம் காசு குடுத்து ஓடணும். அதே வேலைய 10 வாட்டுல செய்யிற சின்ன மினி பிசி 14 யூனிட்டோட நிக்கும். சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

அதுலயும் மினி பிசிய புதுசா வாங்கணும்னு எந்தச் சட்டம் சொல்லுது? உங்க வூட்டு பீரோ மேல ஒரு பழைய லேப்டாப்பு தூங்குதே, அது போதாதா? நம்ம பக்கம் கரண்டு எப்படின்னு உனக்கு நான் சொல்லணுமா? மழை தூறினா போவும், வெயில் ஏறினா போவும், போய்ட்டு வரும்போது ஒரு குதி குதிச்சிக்கினு வரும். லேப்டாப்புக்குள்ளயே பேட்டரி கீது. தனியா யூபிஎஸ் வாங்கற செலவு மிச்சம். ஆனா ஒண்ணு. நாள் பூரா சார்ஜுல கிடந்தா பேட்டரி உப்பும். அடிப்பக்கம் தூக்கிக்கினு ஆடுச்சுன்னா உடனே கழட்டு. பல கம்பெனி லேப்டாப்புல 80 சதவீதத்தோட சார்ஜு நிறுத்துற வசதி கீது, அத்தப் போட்டு வெய்யி.

தனி ரூம் இல்லன்னா எங்க வெக்கிறதுன்னு பார்த்தா நீ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீய இருக்கிற பரணக் காட்டுற. கத்திரி வெயில்ல திருத்தணி 40 டிகிரி தாண்டினா பேப்பர்ல போடுறான். நம்ம பரணுக்குள்ள எவ்ளோன்னு எவனும் அளக்கிறதில்ல. ஹார்ட் டிஸ்க்கு தாங்குற சூடு பெரும்பாலும் 60 டிகிரி வரைக்கும்தான். தரைக்கு ரவ மேல, காத்து வர்ற எடத்துல வெய்யி. ரோலிங் மில்லுப் பக்கம் குடியிருக்கிறோம். மாசம் ஒரு தரம் ஃபேனுல அடையிற கரித்தூளத் தட்டு. இதுக்கு இன்ஜினியரிங் படிப்பு வேணாம், பழைய பெயிண்டு பிரஷ்ஷு போதும்.

அடுத்தது உன் பெரிய கவலை. படம் நின்னு நின்னு ஓடுமோன்னு. ஏன் நிக்குதுன்னு புரிஞ்சிக்கோ. உன் லைன்ல சூப்பர்வைசர் தமிழ்ல சொல்றத ஒடிசாக்காரப் பையனுக்கு இந்தியில சொல்ல நடுவுல ஒருத்தன் நிக்கிறான் இல்ல? சர்வர் படுற பாடும் அதுதான். டிவிக்குப் புரியாத வகையில ஃபைலு இருந்தா, சர்வரு ஒவ்வொரு நொடியையும் வேற வகைக்கு மாத்தி மாத்தி அனுப்பணும். டிரான்ஸ்கோடிங்னு சொல்றானுங்களே, அதான். அங்கதான் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குது. ரெண்டு பேருக்கும் ஒரே பாஷை தெரிஞ்சா நடுவுல ஆளு எதுக்கு? எச்.264 வகை ஃபைலு 2003-ல இருந்து கீது. இன்னிக்கு ஓடுற டிவி, போனு ஏறக்குறைய எல்லாத்துக்கும் அது புரியும். அதுல வெச்சுக்கினா மாத்துற வேலையே கிடையாது. இல்ல, நான் 4கேதான் பார்ப்பேன், மாத்தித்தான் பார்ப்பேன்னு அடம் புடிச்சா, 2017-க்கு அப்பால வந்த இன்டெல் சிப்பு இருக்கிற மிஷினாப் பாரு. இந்த வேலைக்குன்னே அதுக்குள்ள ஒரு மூலை ஒதுக்கி வெச்சிருக்கான், குவிக் சிங்க்குன்னு பேரு. ராஸ்பெர்ரி பைன்ற குட்டிக் கம்ப்யூட்டர வாங்கி அதுங்கிட்ட இந்த வேலைய வாங்கலாம்னு நெனைக்காத. சின்னப் புள்ள, பாவம்.

வைஃபைய மட்டும் நம்பாத. ரூட்டருக்கும் சர்வருக்கும் நடுவுல ஒரு வயர இழு. சாதாரண எச்டி படத்துக்கு நொடிக்கு 5, 10 மெகாபிட்டு போதும். உன் டிவிக்குப் பின்னாடி இருக்கிற வயரு ஓட்டையே பெரும்பாலும் 100 மெகாபிட்டுதான். அப்பால கடைக்காரன் 2500 மெகாபிட்டு ஸ்விட்சு வாங்குன்னு சொன்னா நீ தலைய ஆட்டிக்கினு வருவியா?

எல்லாம் போட்டு ஓட விட்டா, போஸ்டரெல்லாம் கலர் கலரா தன்னால வரும். அப்ப வரும் பாரு கூத்து. உங்க ஆயா பில்லா போடுடான்னு கேக்கும். அதுக்கு பில்லான்னா 1980, ரஜினி. நீ ஃபைலுக்கு வெறும் பில்லான்னு பேர் வெச்சிருந்தா சர்வருக்கு இன்னா தெரியும்? 2007 அஜித்து படத்தக் கொண்டாந்து ஒட்டும். தில்லு முல்லுவும் 1981-ல ஒண்ணு, 2013-ல ஒண்ணு. நாயகன் 1987-ல கமலுக்கு, 2008-ல ரித்தீஷுக்கு. கமல் படத்துக்கு மேல ரித்தீஷு போஸ்டரு ஒட்டிக்கினு நின்னா ஆயா உன்ன வூட்டுக்குள்ள வுடுமா? ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபோல்டரு, பேருக்குப் பின்னாடி அடைப்புக்குறி போட்டு வருஷம். இத்த மொதல் நாளே செய்யி. 500 படம் சேர்ந்த அப்பால உக்காந்து வருஷம் எழுதினா கண்ணு பூத்துப் போவும்.

வெளியூர்ல இருந்து பார்க்கணும்ன்ற ஆசையும் கீதாமே? எதுக்கு? மின்சார ரயில்ல சென்ட்ரலுக்குப் போறப்பவா? வூட்ட வுட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு படத்தப் போனுல ஏத்திக்கினு போயேன். நம்ம பக்கம் பல இன்டர்நெட்டு கனெக்‌ஷன்ல பத்து இருபது வூட்டுக்குச் சேர்த்து ஒரே முகவரிதான் குடுக்கிறான். வெளிய இருந்து தட்டினா உன் கதவு எதுன்னே தெரியாது. அதுக்காக ரூட்டர்ல ஓட்டை போட்டு உலகத்துக்கே தொறந்து வுடாத. டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு சாஃப்ட்வேரு போட்டா உன் போனுக்கும் உன் சர்வருக்கும் மட்டும் தனி வழி கெடைக்கும். மத்தவன் எவனும் உள்ள வர முடியாது.

இப்ப பெரிய கேள்வி. அந்த டிஸ்க்குல இன்னாத்த நெறப்பப் போற? நேத்து ரிலீசான படமா? அது எங்க இருந்து வந்துதுன்னு நானும் கேக்கல, நீயும் சொல்லாத. ஆனா 2023-ல திருத்தின சினிமாச் சட்டம், தியேட்டர்ல திருட்டுத்தனமாப் படம் புடிக்கிறவனுக்கு 3 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயிலு, குறைஞ்சது 3 லட்சம் அபராதம்னு சொல்லுது. அவன் புடிச்ச மங்கல் படத்த, முன்னாடி எந்திரிச்சுப் போறவன் தலையோட சேர்த்து, 4கே டிவியில போட்டுப் பார்க்க உனக்கு ரெண்டு மாசச் சம்பளமா?

கடையில கெடைக்கிற படம் இன்னிக்கு இல்லன்னா நாளைக்குக் கெடைக்கும். எந்தக் கடையிலயும் கெடைக்காத படம் உங்க வூட்டுலதான் கீது. உங்க அம்மா அப்பா கல்யாணக் கேசட்டு. உன் காதுகுத்து. செத்துப்போன உங்க தாத்தா பந்தியில நின்னு "பாயசம் ஊத்து, பாயசம் ஊத்து"ன்னு கத்துற சத்தம் அதுலதான் கீது. அத்தனையும் டேப்புல கிடக்குது. நம்ம ஊரு ஈரத்துக்கு டேப்புல பூஞ்சை புடிக்கும். போட்டுப் பார்க்க டெக்கும் கிடையாது. கடைசியா அத்தச் செஞ்சிக்கினு இருந்த ஜப்பான்காரன் ஃபுனாய் கம்பெனியும் 2016-ல நிறுத்திட்டான். கேசட்டு மாத்திக் குடுக்கிற ஸ்டூடியோவுல குடுத்து ஃபைலா வாங்கு. மூணு மணி நேரக் கேசட்டு, நல்லாத் தெரியிற மாதிரி வெச்சாலும் 4 ஜிபிக்குள்ள அடங்கும். ஒரு டெராபைட்டு டிஸ்க்குல சுமாரா 250 கல்யாணம் வெக்கலாம். உங்க சொந்தத்துல சண்டை போடாம முடிஞ்ச கல்யாணம் அத்தனை கீதா?

அப்பால ரெண்டு டிஸ்க்குலயும் ஒண்ணையே எழுதுற ரெய்டு போட்டாப் போதும், ஒண்ணும் போவாதுன்னு எவனோ சொன்னானாமே. ரெண்டு டிஸ்க்குல ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓடும், அது நெசம். நீயே தூக்கத்துல தப்பா அழிச்சா? ரெண்டுலயும் சேர்ந்துதான் அழியும். இடி வுழுந்தா ஒரே பொட்டியில இருக்கிற ரெண்டும் சேர்ந்துதான் கருகும். தனியா ஒரு டிஸ்க்கு வாங்கி, கல்யாணம் காதுகுத்து மட்டும் காப்பி எடுத்து, பொன்னேரியில இருக்கிற உங்க அக்கா பீரோவுல வெய்யி. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் சொருகிப் பாரு. அக்காவப் பார்த்த மாதிரியும் ஆச்சு.

ஆக மொத்தம் பழைய லேப்டாப்பு, ரெண்டு டிஸ்க்கு, ஒரு வயரு, காசு கேக்காத சாஃப்ட்வேரு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் நைனா. ஆறு மாசம் இதுல ஓட்டு. அப்பவும் எடம் பத்தலன்னா வா, நானே உன் கூட ரிச்சி தெருவுக்கு வர்றேன். ஒண்ண மட்டும் இப்பவே சொல்லிட்டேன். நீ எவ்ளோ பெரிய சர்வரு வெச்சாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல உங்க அம்மா சீரியலுதான் அந்த டிவியில ஓடும். ரிமோட்டு அதுங்கிட்ட கீது. அதுக்கு இன்னும் எவனும் சாஃப்ட்வேரு எழுதல.