சீரியல் பல்பு போட்ட பங்களாக்கள்

பொள்ளாச்சி வாசகர்: அமெரிக்காவில் இருக்கிற பையன், கிறிஸ்துமஸ் லீவில் ஜோடித்து வைத்த ஒரு பெரிய வீட்டைப் பார்க்கக் கூட்டிப்போனானுங்க. வீட்டுக்குள்ளே போக டிக்கெட்! நம்ம ஊரில் காபி கொடுத்தல்லவா உட்கார வைப்போம்?

வட கரோலினா பக்கம் என்றால் ஆஷ்வில் ஊரின் பில்ட்மோர் மாளிகையாக இருக்கும். ஜார்ஜ் வாண்டர்பில்ட் என்ற பணக்காரர் கட்டியது. 1895 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுத் திறந்தார். 250 அறை, 65 கணப்பு, 43 குளியலறை. சிறுவாணித் தண்ணீர் எப்போது வரும் என்று குழாயடியில் காதை வைத்திருக்கும் நமக்கு அந்தக் கடைசி எண்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஊர்ஜனத்துக்குக் கதவு திறந்தது 1930-ல். நாடு முழுக்கத் தொழில் படுத்துவிட்ட நேரம். ஊருக்கு நாலு பேர் வரட்டுமே என்று திறந்தார்கள். ஆக, கிரகப்பிரவேசம் முடிந்து 35 வருசம் கழித்து மொய் வாங்க ஆரம்பித்தார்கள். கொங்கு நாட்டில் பந்தி முடிவதற்குள் மொய் நோட்டை மூடிவிடுவோம். இன்றைக்கும் அந்த வீடு வாரிசுகள் கையில்தான். நோட்டும் இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

திருப்பூர் வாசகி: அவ்வளவு தூரம் போக விசாவுக்கும் வழியில்லை, வீட்டுக்காரருக்கும் மனசில்லை. பக்கத்தில் ஏதாவது பழைய பங்களா?

கோத்தகிரி பஸ் ஏறுங்கள். கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் பங்களா இருக்கிறது. அவர் நமது கோயமுத்தூர் ஜில்லா கலெக்டர். 1819 ஜனவரி 2-ந் தேதி தண்ணாயக்கன்கோட்டையிலிருந்து மலையேறினார். அதாவது கிறிஸ்துமஸ் கேக் செரிப்பதற்கு முன்பே! அவர் புறப்பட்ட கோட்டை இன்று பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள். அவர் போய்ச் சேர்ந்த மலையில் கட்டிய வீடு நிற்கிறது. இப்போது அது நீலகிரி ஆவண மையம். நட்சத்திரமும் பலூனும் தேடிப் போகிற இடமல்ல. ஊட்டியில் 1822 வாக்கில் அவர் எழுப்பிய கல் பங்களா அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கலெக்டர் வீட்டில் கல்லூரி! அரியர் வைத்தவர்களுக்கு இதில் ஏதாவது ஆறுதல் கிடைத்தால் சரி.

ஈரோடு வாசகர்: ஊட்டியில் கிறிஸ்துமஸுக்கு அரண்மனை பார்க்க ஆசை. எது நல்லது?

மைசூர் மகாராஜாவின் பெர்ன்ஹில் இருக்கிறது. ஆனால் என் ஓட்டு செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு. அரண்மனை கேட்டால் கோயிலைக் காட்டுகிறாயே என்று கோபிக்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். மேலே இருக்கிற உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. ரயிலும் கிடையாது, லாரியும் கிடையாது. அந்தத் தேக்கை மலைக்கு மேலே இழுத்து வந்த பாட்டை நினைத்தால், தைலக் குப்பி பேரம் பேச மேட்டுப்பாளையத்திலிருந்து காரில் வந்த களைப்பைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். 1829-ல் அடிக்கல், 1830-ல் பிரதிஷ்டை. வெள்ளைக்காரனை எதிர்த்தே உயிரைவிட்ட சுல்தானின் கூரைக்குக் கீழே, அந்த வெள்ளைக்காரன் நின்று கேரல் பாடினான். சரித்திரத்துக்கு நக்கல் ஜாஸ்தி.

பின்பக்கக் கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள். சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். 1838-ல் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். ஊரையே உண்டாக்கினவருக்கு அந்த ஊர் கொடுத்தது இது.

ரேஸ்கோர்ஸ் வாசகர்: நம்ம கோயமுத்தூர் மில் முதலாளிகளும் பங்களாவைத் திறந்து விட்டால் என்னங்க?

கேட் வாட்ச்மேனிடம் கேட்டுப் பார்த்தீர்களா? நம்மூர்ப் பணத்துக்குக் கூச்ச சுபாவம். காம்பவுண்டு சுவர் தாண்டி எட்டிப் பார்க்காது. ராபர்ட் ஸ்டேன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1862-ல் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார், 1888-ல் ஊரின் முதல் பஞ்சு மில். அவர் எந்த வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடினார் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டால் முழிப்பார். ஸ்டேன்ஸ் ஸ்கூல் என்றால் மீட்டர் போடாமலே கிளம்புவார்.

கோபி மாணவி: சவுக்குக் கிளையை நட்டு வைத்தால் அது கிறிஸ்துமஸ் மரமாகுமா?

தாராளமாக. இங்கிலாந்துக்கே அது இரவல் வழக்கம்தான். விக்டோரியா ராணியின் ஜெர்மன் கணவர் ஆல்பர்ட் அரண்மனையில் மரம் வைத்திருந்த படம் 1848-ல் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்தது. பிறகு வீட்டுக்கு வீடு மரம். நம்ம சவுக்கும் வெளியூர்க்காரன்தான். ரயில் எஞ்சினுக்கு விறகாகத்தான் சென்னைக் கரையோரம் தோப்பு தோப்பாக வளர்த்தார்கள். அடுப்புக்குப் போக இருந்ததற்கு ஜிகினா கட்டி மரியாதை செய்தால் வேண்டாம் என்றா சொல்லும்?

சூலூர் வாசகி: பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா தட்டு நிறைய கேக்கும் அச்சு முறுக்கும் கொடுத்தனுப்பினாங்க. தட்டை வெறுமனே திருப்பக் கூடாதே, என்ன வைப்பது?

ஒப்புட்டு சுட்டு வையுங்கள். நேரமில்லை என்றால் நாலு தேங்காய் போதும். அலமாரியில் இருக்கிற அந்த தீபாவளி சோன்பப்டி டப்பாவை மட்டும் தொடாதீர்கள். அது அவர்கள் கொடுத்ததாகவே இருக்கலாம்.