லட்டு விள்ளலும் உறவின் தூரமும்: ஒரு மார்கழி ஆய்வு

சித்தூரில் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் மார்கழி பிறந்ததும் ஏன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்ற கேள்வியை இதுவரை எவரும் முறைப்படி எழுப்பியதாகத் தெரியவில்லை. பக்தி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். முப்பத்துநான்கு வருடம் பில் சரிபார்த்தே வயதைக் கழித்த எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. பக்தி பன்னிரண்டு மாதமும் இருப்பது. மார்கழிக்கென்று இருப்பது வேறொன்று: இந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாததால் உறவினர்கள் வீட்டில் இருக்கிறார்கள். "இந்த வெயில்ல எதுக்கு அலையறீங்க?" என்று நம்மைத் தடுத்துவிடும் வசதி சித்திரையில் அவர்களுக்கு உண்டு, மார்கழியில் அதுவும் இல்லை. போகிக்குள் நாம் திரும்பிவிட வேண்டும், பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். ஆக, களப்பணிக்குக் கிடைப்பது முப்பது நாளுக்கும் குறைவு.

இந்த ஆய்வின் முதன்மை ஆய்வாளர் என் மனைவி. நான் பை தூக்குபவன், குறிப்பெடுத்ததும் நானே. ஆய்வுப் பொருள், திருமலை லட்டு. ஆய்வுக் கருதுகோள் இது: ஒருவருக்குக் கிடைக்கும் விள்ளலின் எடை, அவருக்கும் நமக்கும் உள்ள உறவின் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

முதலில் பொருளைப் பெறும் முறை. முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட் ஏறத்தாழ மூன்று மாதம் முன்னால் இணையத்தில் வெளியாகும். அதாவது மார்கழிப் பயணத்துக்குப் புரட்டாசி வாக்கிலேயே கணினி முன்னால் உட்கார வேண்டும். உட்காருபவன் பெங்களூரில் இருக்கும் மகன். அன்று காலை அவன் ஐந்து நிமிடத்தில் மூன்று முறை அழைப்பான். "அப்பா, ஓடிபி வந்துச்சா?" வருடத்தின் மற்ற நாள்களில் குடும்பத் தொடர்பு இவ்வளவு தீவிரமாக இருந்ததாகப் பதிவு இல்லை.

ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை (ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50) 2020 மார்ச்சில் நின்றதிலிருந்து நாங்கள் பஸ்ஸுக்கு மாறிவிட்டோம். ஆந்திர அரசுப் பேருந்தில் அறுபது தாண்டியவர்களுக்குக் கால் பங்கு கட்டணம் குறைவு. ஆனால் பாகாலா ஜங்ஷனில் வண்டி நிற்கும்போது பிளாஸ்கைத் திறக்கும் சுகம் பஸ்ஸில் இல்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். மலைமேல் ஏறினால், எண்ணூறு மீட்டர் உயரத்துக் குளிர். மங்கி கேப் போட்டவர்கள் வரிசை. அந்த மாதம் விடியலில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஒலிக்கும். முதன்மை ஆய்வாளர் கண்ணை மூடிக் கேட்பார். நான் லட்டு கவுண்டர் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

லட்டு சுமார் 175 கிராம். 2009-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதைச் செய்யும் மடைப்பள்ளிக்கு மலையில் போட்டு என்று பெயர். இவ்வளவு கடலை மாவு, இவ்வளவு சர்க்கரை, இவ்வளவு நெய், இவ்வளவு முந்திரி, ஏலக்காய், கற்கண்டு என்று அளவு சொல்லும் பட்டியலுக்குத் திட்டம் என்று பெயர். போட்டுக்குள் எல்லாம் திட்டப்படி நடக்கும். வெளியே வந்த லட்டை எப்படி உடைப்பது என்பதற்குத் திட்டம் கிடையாது. அந்த இடைவெளியில்தான் என் மனைவியின் ஆட்சி நடக்கிறது.

தரிசனம் செய்தவருக்கு ஆளுக்கு ஒன்று இலவசம். கூடுதலாக வேண்டுமென்றால் ஒன்று ஐம்பது ரூபாய். போன மார்கழியில் இலவசம் இரண்டு, விலைக்கு எட்டு, ஆகப் பத்து வந்து சேர்ந்தது. மொத்தம் 1,750 கிராம். பட்டியலில் இருபத்துமூன்று வீடு. சராசரி 76 கிராம். சராசரியைப் பெற்றவர் ஒருவரும் இல்லை.

சம்பந்தி வீட்டுக்கு மட்டும் முழு லட்டு. இதில் விவாதத்துக்கு இடமில்லை. சம்பந்தி முன்னால் எதையும் உடைக்கக் கூடாது. பெரியப்பா பிள்ளைகளுக்கும் அத்தை வீட்டுக்கும் அரை. மற்ற ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட வகையறாவுக்குக் கால். இதுவரை கருதுகோள் நிற்கிறது. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், பால்காரருக்கு அரை போயிருக்கிறது. என் கூடப்பிறந்த தம்பிக்குக் கால்தான். குறிப்பேட்டில் இதைக் கண்டதும் தவறாக எழுதிவிட்டேனோ என்று விசாரித்தேன். "தீபாவளிக்கு ஒரு போன் பண்ணாரா உங்க தம்பி?" என்றார் முதன்மை ஆய்வாளர். பால்காரர் தினமும் வருகிறார். ஆக, தூரம் என்பதை ரத்தத்தில் அளக்கக் கூடாது, கடைசியாகப் பேசிய தேதியிலிருந்து அளக்க வேண்டும் என்று கருதுகோளைத் திருத்திக்கொண்டேன். கால் பங்கு என்பது உறவல்ல, தண்டனை. முந்திரி இருக்கும் பக்கம் யாருக்குப் போகிறது என்பது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறுபத்தொரு பேர் இருக்கிறோம். அதை ஏன் அளவுகோலாகக் கொள்ளவில்லை என்று நண்பர் ஒருவர் கேட்டார். காலை வணக்கம் எடையற்றது. அறுபத்தொரு பேருக்கும் ஒரே ரோஜாப்பூ. எதையும் வெட்டத் தேவையில்லாத இடத்தில் உறவை எப்படி அளப்பது?

பரிமாற்றம் பற்றி வெளிநாட்டார் நிறைய எழுதியிருக்கிறார்கள். மலினோவ்ஸ்கி 1922-ல் பப்புவா நியூ கினி அருகே தீவுவாசிகளின் குலா முறையை விவரித்தார்: சிப்பி மாலைகள் வலச்சுற்றாகவும் சங்கு வளையங்கள் இடச்சுற்றாகவும் தீவு தீவாகப் போய்க்கொண்டே இருக்கும். மார்செல் மோஸ் 1925-ல் கொடுக்கும் கடமை, வாங்கும் கடமை, திருப்பும் கடமை என்று மூன்றாகப் பிரித்தார். எங்கள் வட்டாரத்தில் லட்டு வலச்சுற்று, மாங்காய் ஊறுகாய் இடச்சுற்று. இரண்டையும் சுமப்பது எவர்சில்வர் டப்பா. மோஸின் மூன்று கடமைகளையும் என் மாமியார் ஒரே வரியில் சொல்வார்: டப்பாவைக் காலியாத் திருப்பிக் குடுக்காதே. புத்தகத்தைப் பிரெஞ்சில் எழுதியிருக்கவே தேவையில்லை.

இந்தச் சுற்று மாநில எல்லைகளைப் பொருட்படுத்துவதில்லை. 1911 ஏப்ரல் 1-ல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலத்தோடு போனோம். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, அத்தை வீட்டையும் தூக்கிக்கொண்டு. 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமாகி, புத்தூர்ச் சித்தியைக் கூட்டிக்கொண்டு பிரிந்தது. எங்கள் உறவினர் எவரும் வீடு மாறவில்லை. கோடுகள்தான் அவர்கள் தலைக்குமேல் நடந்தன. இதில் முக்கால்வாசி ஏன் ஏப்ரலில் நடக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

புத்தூர்ப் பயணத்தில் ஒரு விபத்து. எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால் அந்த பஸ்ஸில் பாதிப்பேர் கை கால் கட்டோடு வருவார்கள். அவர்களுக்கு இடம் விட்டுக் கொடுத்ததில், எங்கள் பையின்மேல் யாரோ ஒரு அரிசி மூட்டையை வைத்துவிட்டார்கள். இறங்கிப் பார்த்தால் மூன்று லட்டு தூள். அன்று நான்கு வீட்டுக்கும் கரண்டியால் சம அளவு கொடுத்தோம். வழக்கமாகக் கால் பெறுபவர்கள் மகிழ்ந்தார்கள். அரை பெறுபவர்கள் இரண்டு மாதம் பேசவில்லை. சமத்துவத்தை நாங்கள் மறுபடி முயலவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை. எவருக்கு மிகப் பெரிய பங்கு போகிறதோ, அவரால்தான் அதைச் சாப்பிட முடியாது. அவர்கள் இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, அரிசி மணி அளவு கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டு, மீதியைப் பேரனுக்கென்று எடுத்து வைக்கிறார்கள். பேரன் கேக் தின்னும் பையன். பிறகு அந்த லட்டு என்ன ஆகிறது என்பதை நாங்கள் பின்தொடரவில்லை. நாகரிகம் கருதி.

இருபத்துமூன்றாவது வீடு டல்லாஸில் இருக்கிறது. மகள். குளிர்காலத்தில் நமக்கும் அவளுக்கும் பதினொன்றரை மணி வித்தியாசம்; நமக்குக் காலை ஆறரை காப்பி, அவளுக்கு முந்தின நாள் மாலை ஏழு. மகளுக்கு முழு லட்டு ஒதுக்கப்படுகிறது. இது சம்பந்தி விதியை மீறுவது. கேட்டதற்கு விளக்கம் தரப்படவில்லை. டப்பாவில் போட்டு, வருடத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டி, ஃப்ரீசரில் வைக்கப்படுகிறது. ஜூனில் வருவாள் என்று. இப்போது ஃப்ரீசரில் மூன்று டப்பா: 2022, 2023, 2024. ஐஸ் ட்ரேக்கு இடமில்லை.

போன வாரம் வீடியோ காலில் மனைவி ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். "அம்மா, அதெல்லாம் தூக்கிப் போடும்மா" என்றாள் மகள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, 2022-ஐப் பின்னால் தள்ளி, முன்பக்கம் இன்னொரு டப்பாவுக்கு இடம் இருக்கிறதா என்று கையால் அளந்து பார்த்துக் கதவைச் சாத்தினார். புரட்டாசி பிறக்கப் போகிறது. மகனுடைய ஓடிபி எந்த நாளும் வரலாம்.