புண்ணியவான்கள்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில்கூட வீட்டைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்கிறார்கள். அமெரிக்கக் கிழவர்களின் கால் புண்ணுக்குத்தான் சதுர சென்டிமீட்டர் கணக்கு. அதிலும் சில சரக்குகளுக்கு, 2025 வரை ஒரு சதுர சென்டிமீட்டர் 2,000 டாலருக்கும் மேல்!

சரக்கு என்ன? பிள்ளை பெற்றவள் தானமாகக் கொடுத்துவிட்டுப் போன நஞ்சுக்கொடி. அதிலிருந்து பனிக்குடச் சவ்வை உரித்துப் பதப்படுத்தி உறையிலிட்டால், புண்மேல் ஒட்டும் ‘தோல் மாற்று’. மனிதத் திசு என்று சொல்லிக்கொண்டு வருவதால், இவற்றில் பெரும்பாலானவை மருந்தைப்போலப் புண்ணை ஆற்றிக் காட்டி முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் ஒரு பில்லிங் குறியீடு போதும்.

அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர், 2025 வரை இதற்குச் சராசரி விற்பனை விலைக்கு மேல் 6 சதவீதம் சேர்த்துத் தந்துவந்தது. நேற்று வந்த சவ்வுக்குச் சராசரி ஏது? கம்பெனி அச்சடித்த விலைதான் விலை. டாக்டருக்குத் தள்ளுபடியில் தருவார்கள். அவர் முழு விலைக்கு பில் போடுவார். மிச்சம் அவர் பைக்கு. நாளடைவில் சராசரி கணக்காகி விலை இறங்குமே? இறங்கட்டும். அதற்குள் புதுப் பெயர், புதுக் குறியீடு, புது விலையோடு இன்னொரு சவ்வு பிறந்திருக்கும். தாய்மாருக்குப் பத்து மாதம் ஆகிறது. கம்பெனிகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

2019இல் சுமார் 25 கோடி டாலராக இருந்த மெடிகேரின் சவ்வுச் செலவு, 2024இல் 1,000 கோடியைத் தாண்டியது. நோயாளிகள் இரண்டு மடங்கானார்கள். பணம் நாற்பது மடங்கானது. அவ்வளவு பெரிய புண் யாருக்கு ஐயா வந்தது?

அரிசோனாவில் ஒரு தம்பதி, மருத்துவம் படிக்காத விற்பனை ஆட்களை அனுப்பிக் கிழவர்களைத் தேடிப் பிடித்தார்கள். சாவுக்குக் காத்திருந்தவர்களையும் விடவில்லை. புண் எந்த அளவாயினும் 4க்கு 6 சென்டிமீட்டருக்குக் குறைந்த சவ்வை ஆர்டர் செய்யாதே என்பது உத்தரவு. பொய் பில் 120 கோடி டாலர். குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அவர்களாவது பொய் சொல்லித் திருடினார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. விதியே வாசலைத் திறந்து வைத்திருந்தது.

2026 ஜனவரி முதல் மெடிகேர் தருவது எல்லாச் சவ்வுக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 127 டாலர் என்று ஒரே விலை. உடனே, ஏழை நோயாளிகள் என்ன ஆவார்கள் என்று தொழிலதிபர்கள் கண்ணீர் வடித்தார்கள். இந்த வெட்டு மட்டும் வராமல் இருந்தால், புண்ணே இல்லாத ஒவ்வொரு கிழவியும் கிழவனும்கூட மாதச் சந்தாவில் இன்னும் 11 டாலர் அழுதிருக்க வேண்டும் என்கிறது மெடிகேர் அலுவலகம். அந்தக் கண்ணீருக்குக் குறியீடு கிடையாது.