டிரைவர் ஷாஃப்டின் பழி தாங்கும் திறன்: ஓர் ஆய்வு

நூலுக்குப் பத்துக் குற்றம் உண்டென்று வகுத்த நன்னூலார், கோல்ஃப் மட்டைக்கு எத்தனை என்று சொல்லாமல் விட்டுவிட்டார். அவர் காலத்தில் அந்தத் தேவை எழவில்லை. விடுபட்டதை நிரப்ப இக்கட்டுரை முயல்கிறது. ஆய்வின் எல்லை டிரைவர் எனப்படும் மிக நீளமான மட்டை மட்டும். அதிலும் தலையை விட்டோம், கைப்பிடியை விட்டோம். நடுவில் நிற்கும் ஷாஃப்டை, அதாவது தண்டை, மட்டும் எடுத்துக்கொண்டோம். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டை மனநல மருத்துவத்தின் எல்லைக்குள் வருவதால் அதைத் தொடவே இல்லை.

கருதுகோள் வருமாறு: "என் வீச்சுக்குப் பொருந்துகிற ஷாஃப்ட் எது?" என்று கேட்கும் ஆட்டக்காரர் உண்மையில் தேடுவது, தன் வீச்சின் பிழையை வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒரு ஷாஃப்டை. எடை, விறைப்பு, முறுக்கம் எல்லாம் விற்பனைக்காரர் சொல்லும் குணங்கள். பழி தாங்கும் திறனை எந்த விவரப் பட்டியலும் அச்சிடுவதில்லை. அச்சிட்டால் அதைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குவார்கள்.

முதலில் வரலாறு. ஸ்காட்லாந்தில் தொடக்க காலத்தில் ஆஷ், ஹேசல் மரங்களில் தண்டு இழைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி மரம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஹிக்கரி வளையும், வளைவதோடு நில்லாமல் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு தண்டுகள்கூட ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. பழி போட இதைவிட வசதியான பொருளை மனிதகுலம் கண்டதில்லை. அப்படிப்பட்ட பொற்காலத்தின் கடைசியில், 1930-இல், பாபி ஜோன்ஸ் ஹிக்கரி மட்டைகளை வைத்துக்கொண்டே ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்று, நம் கருதுகோளுக்குத் தீராத சங்கடத்தை உண்டாக்கிவிட்டுப் போனார். அவருடைய மட்டைகளைப் பிற்காலத்தில் சோதித்தபோது ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் ஒத்திருந்தன என்றும், ஒவ்வாத அந்த ஒன்று அவருக்கு என்றைக்குமே சரிவராத மட்டை என்றும் கோல்ஃப் வட்டாரத்தில் ஒரு செவிவழிச் செய்தி உலவுகிறது. அது மெய்யானால், தண்டின் மேல் சாட்டிய குற்றம் ருசுவான அரிய வழக்கு அதுதான்.

எஃகுத் தண்டை அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1924-இல் அனுமதித்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கழகம் 1929 வரை அசையவில்லை. வேல்ஸ் இளவரசர் அங்கேயே எஃகு மட்டைகளோடு ஆடிவிட்டார், அதன் பிறகுதான் கழகம் இறங்கி வந்தது என்று சொல்வார்கள். இளவரசரைத் தகுதி நீக்கம் செய்வதைக் காட்டிலும் விதியைத் திருத்துவது சுலபம். இதற்கு மேற்கோள் தேவையில்லை. அந்தக் காலத்து எஃகுத் தண்டுகள் பலவற்றுக்கு மர நிறத்தில், மரத்தின் ரேகையோடு உறை போட்டு விற்றார்கள் என்பது ஆய்வாளர் கவனத்துக்குரியது. வாங்கியவருக்குப் புதிய பலனும் வேண்டும், பழைய சாக்கும் வேண்டும்.

1931-இல் பில்லி பர்க் எஃகுத் தண்டோடு அமெரிக்க ஓப்பனை வென்றார். 72 குழிகளில் ஜார்ஜ் வான் எல்முடன் சமநிலை, மறுபடி 36, அதிலும் சமநிலை, இன்னுமொரு 36. ஆக 144 குழிகள் ஆடி ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த ஓர் அடி எஃகினுடையதா பர்க்கினுடையதா என்பதை இன்றுவரை யாரும் தனியே பிரித்துக் காட்டவில்லை. ஷாஃப்ட் பற்றிய எல்லா ஆய்வும் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இதுவே.

அடுத்து கார்பன் இழை. ஷேக்ஸ்பியர் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஃபிராங்க் தாமஸ் 1969-இல் கிராஃபைட் ஷாஃப்டை உருவாக்கினார். (நாடக ஆசிரியருக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை; ஆனாலும் அன்றிலிருந்து சோக நாடகங்கள் பெருகின.) பின்னர் அவரே அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநராகிக் கருவிகளுக்கு விதி வகுக்கும் நாற்காலியில் கால் நூற்றாண்டு அமர்ந்திருந்தார்.

இனி நம் ஆய்வின் இதயப் பகுதியான விறைப்பு. ஷாஃப்டின் மேல் ஓர் எழுத்து இருக்கும். எல் பெண்களுக்கு, ஏ மூத்தவர்களுக்கு, ஆர் சாதாரணம், எஸ் விறைப்பு, எக்ஸ் மிகை விறைப்பு. மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் மட்டைத்தலை வந்தால் ஆர், 105 வரை எஸ், அதற்கும் மேலே எக்ஸ் என்று ஒரு கணக்கும் சொல்வார்கள். ஆனால் இந்த எழுத்துகளுக்குத் தொழில் முழுமைக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஓட்டல் அட்டையில் "காரம் மிதம்" என்று போட்டிருப்பதைப் போலத்தான்: எந்தச் சமையற்கட்டின் மிதம் என்பது தின்ற பிறகு தெரியும். ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ்ஸை விட விறைப்பாக இருந்தாலும் யார் மீதும் வழக்குப் போட முடியாது. கைப்பிடி முனையை இடுக்கியில் பிடித்து, மறுமுனையைச் சுண்டிவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் கருவி உண்டு. டிரைவருக்கு ஏறத்தாழ 250 வரும். இடுக்கி எவ்வளவு நீளம் பிடித்தது, முனையில் எவ்வளவு எடை தொங்கியது என்பது பட்டறைக்குப் பட்டறை மாறுவதால், அந்த எண்ணையும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக முடியாது.

அளவுகோல் இல்லாத இடத்தில் மானம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏ என்று அச்சிட்ட ஷாஃப்டை எடுத்துக்கொண்டு நண்பர்கள் முன்னால் முதல் அடி அடிக்கும் டீ மேடையில் நிற்க, அறுபது தாண்டியவர்களில்கூட அநேகருக்கு மனம் வருவதில்லை. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சிலர் இதற்கு அருமையான தீர்வு கண்டார்கள். ஆர்2 என்று போட்டார்கள். ஆர் உண்டு, கூடவே ஒரு எண்ணும் உண்டு. பார்ப்பவருக்கு ஏதோ பதவி உயர்வு போலத் தெரியும். ஷாஃப்ட் மட்டும் முன்னைப் போலவே வளைந்து கொடுக்கும். இருபதாம் நூற்றாண்டின் ராஜதந்திரச் சாதனைகளில் இதைச் சேர்க்காதவர்களின் நூல்களை நாம் பொருட்படுத்தவில்லை.

முறுக்கம் என்றொரு குணம் இருக்கிறது. முனையில் ஒரு பவுண்டு-அடி திருப்புவிசை கொடுத்துத் திருகினால் எத்தனை பாகை திரும்புகிறது என்பது அதன் அளவு. கனத்த, விறைத்த ஷாஃப்டுக்கு மூன்று பாகை வரும். லேசானதற்கு ஐந்து, ஆறு. ஷாஃப்ட் அதிகம் வளையும் இடமான வளைமையம் என்பது இன்னொன்று. தாழ்ந்திருந்தால் பந்து உயரும், உயர்ந்திருந்தால் பந்து தாழும் என்பார்கள். சந்தையில் கிடைக்கும் ஷாஃப்டுகளில் அந்த மையம் ஓரிரு அங்குலத்துக்கு மேல் இடம் மாறுவதில்லை. அந்த ஓரிரு அங்குலத்தை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதால் மேலே பேசாமல் நகர்கிறோம்.

குற்றம் நடந்த நேரத்துக்கு வருவோம். வீச்சின் உச்சியிலிருந்து பந்தை அடைய ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. தொடக்கத்தில் தலை பின்தங்க, ஷாஃப்ட் பின்னோக்கி வளைகிறது. பந்தை நெருங்கும்போது நேர்மாறாக முன்னோக்கி வளைந்திருக்கும். தலையின் எடைமையம் ஷாஃப்டின் அச்சுக்கு வெளியே இருப்பதால், சுழற்சி அதை இழுத்து நேராக்கப் பார்க்கிறது. அதனால் முகத்தின் சாய்வு கொஞ்சம் கூடுகிறது. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. "பட்டதுமே கையில் தெரிந்தது" என்கிறார் ஆட்டக்காரர். கைக்குத் தெரிந்தபோது பந்து போய்விட்டிருந்தது.

1968-இல் வெளிவந்த "த சர்ச் ஃபார் த பெர்ஃபெக்ட் ஸ்விங்" நூலில் கோக்ரனும் ஸ்டாப்ஸும் ஒரு விஷமமான சோதனையை விவரிக்கிறார்கள். தலைக்குச் சற்று மேலே தண்டில் ஒரு கீல் வைத்து, தலை கிட்டத்தட்ட சுதந்திரமாக ஆடும்படி செய்த மட்டையால் அடித்துப் பார்த்தார்கள். பந்து ஏறத்தாழ வழக்கமான தூரம் போயிற்று. அதாவது மோதும் அந்தக் கணத்தில் ஷாஃப்ட் சம்பவ இடத்திலேயே இல்லை. பிரதிவாதித் தரப்புக்கு இதைவிடப் பலமான சாட்சி கிடையாது. ஆயினும் முழு விடுதலை தர முடியாது. தலையை எந்தக் கோணத்தில், எந்த நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தியது என்ற சதிக் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. அதிலும் மூளை கூட்டாளி. ஷாஃப்டை மாற்றினால் ஆட்டக்காரரின் கைகள் தாமாகவே வீச்சைத் திருத்திக்கொண்டு, எடுத்த அளவை எல்லாம் கலைத்துவிடுகின்றன.

நீளம் பற்றி ஓரிரு சொல். 2000-இல் பெப்பிள் பீச்சில் நடந்த அமெரிக்க ஓப்பனை 15 அடி வித்தியாசத்தில் வென்ற டைகர் உட்ஸிடம் இருந்தது 43.5 அங்குல எஃகு டிரைவர். 2021-இல் ஐம்பது வயதில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்ற ஃபில் மிக்கல்சனிடம் இருந்தது 48 அங்குலத்தைத் தொடும் கிராஃபைட். அடுத்த ஆண்டே, போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் 46 அங்குலத்தோடு நிறுத்தலாம் என்று விதி வந்தது. மிக்கல்சன் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார். கடையில் தொங்குபவை பெரும்பாலும் 45.5 அங்குலமோ அதற்குக் கொஞ்சம் மேலோ இருக்கும். நீண்டால் வேகம் கூடும். முகத்தின் நடுவில் படுவது குறையும். அரை அங்குலம் வெட்டிக் குட்டையாக்குவது புது ஷாஃப்டைவிட மலிவு. மலிவு என்பதாலேயே அதை யாரும் பரிந்துரைப்பதில்லை.

வாசகர் நடைமுறையில் என்ன செய்வது? இவ்வாய்வாளர் கருத்தில் எழுத்தைக் கடைசியில் பார்க்கலாம், முதலில் எடை. இன்றைய டிரைவர் ஷாஃப்டுகள் ஏறக்குறைய 40 முதல் 80 கிராம் வரை கிடைக்கின்றன. வீச்சின் தாளம் கெடாமல், களைத்த பிறகும் தூக்க முடிகிற எடை எதுவோ அதில் நின்றுகொண்டு விறைப்பை மேலும் கீழும் மாற்றிப் பார்க்க வேண்டும். வலக்கையாளரின் பந்து தாழ்வாகக் கிளம்பி வலப்பக்கமே ஒதுங்கினால் ஒரு படி இளகியதை முயலலாம். மிக உயர்ந்து இடப்பக்கம் சுருண்டால் ஒரு படி விறைத்ததை. கடையில் அடியை அளக்கும் ரேடார் திரையில் எல்லோரும் பார்ப்பது மிக நீண்ட அடியை. பார்க்க வேண்டியது மற்ற அடிகள் எவ்வளவு சிதறின என்பதை. தவிர, அளவெடுக்கும் கூண்டுக்குள் போனதும் ஒவ்வொருவருக்கும் வேகம் கூடிவிடும். மைதானத்தில் 90 மைலைத் தாண்டாதவர் அங்கே நூறைத் தொட்டு, எஸ் வாங்கிக்கொண்டு, தொண்ணூறுக்கே திரும்பி வருவார். அளவெடுத்து ஷாஃப்டைத் தேர்ந்து தரும் பொருத்துநர் கண்டும் காணாமல் இருப்பார். 300 டாலருக்கு மேல் விலை போகும் பொருள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்து முடித்தால் ஒரு சிக்கல் முளைக்கிறது. ஷாஃப்ட் நிஜமாகவே பொருந்திவிடுகிறது. எடை, விறைப்பு, நீளம், சிதறல் எல்லாம் தேதியோடு அச்சான தாள் பையில் இருக்கிறது. பந்து மரத்துக்குள் போகும்போது கூட ஆடுகிறவர் அந்தத் தாளைக் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆகவே இவ்வாய்வின் பரிந்துரை: பொருத்திப் பார்த்தே வாங்குங்கள், தாளைக் கார் நிறுத்துமிடத்திலேயே தொலைத்துவிடுங்கள். அதற்கும் மனம் வராதவர்களுக்கு டீ குச்சியின் உயரம் பற்றித் தனிக் கட்டுரை தயாராகிறது.