இருபதாம் தேதிக்குப் பிந்தைய காலம்: பொருநைக்கரை இளைஞரின் மாதச் சம்பளம் பற்றிய ஒரு நீரியல் ஆய்வு

ஆய்வெல்லை

மாதச் சம்பளம் என்பது ஒன்றாம் தேதி தோன்றி இருபதாம் தேதி மறையும் ஒரு பொருள். அது எங்கே மறைகிறது என்பது பற்றி வண்ணார்பேட்டை, பெருமாள்புரம், பாளையங்கோட்டை வட்டார வாடகை அறைகளில் மாதந்தோறும் கருத்தரங்கு நடக்கிறது. வரவேற்புரை கிடையாது, நன்றியுரை கிடையாது. கட்டிலிலும் பாயிலும் படுத்தபடியே அறிஞர்கள் உரையாற்றுவார்கள். இந்த அமர்வுகளின் நடவடிக்கைக் குறிப்புகளை இதுவரை யாரும் தொகுக்கவில்லை. தமிழ் ஆய்வுலகின் அப்பெருங்குறையை இக்கட்டுரை ஓரளவு போக்க முயல்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி ஓர் இளைஞன். சொந்த ஊர் வீரவநல்லூர் என்று வைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் பட்டம், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் முதல் வேலை, இன்னும் இருவரோடு பங்குபோட்டுக்கொண்ட ஓர் அறை. கைக்கு வருவது 18,000 ரூபாய் எனக் கொள்க. விடுதிகளில் தங்கி வேலைக்குப் போகும் இளம்பெண்களை இவ்வாய்வில் சேர்க்கவில்லை. அவர்களிடம் இருபத்தெட்டாம் தேதியும் பணம் இருப்பதாகத் தெரிகிறது. அது வேறு துறையினர் ஆராய வேண்டிய அதிசயம்.

முன்னோடிச் சான்றுகள்

மாதக்கடைசி இயலின் மூலநூல் புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’. எழுதியவர் திருநெல்வேலிக்காரர், கதை நடப்பது சென்னையில். கைமாற்றுக் கேட்பதற்கு முன் எவ்வளவு நேரம் இலக்கியம் பேச வேண்டும் என்ற நுட்பத்தில் அக்கதையை விஞ்சிய ஆய்வு இன்றுவரை வரவில்லை.

அதைவிடப் பழைய சான்று அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலில் கல்லில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுத்துவைத்தான். முதலைத் தொடக்கூடாது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் பொலி, ஆக மொத்தம் 580 கலம். அந்த நெல்லில் கோயில் வழிபாடு நடக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். நிதி ஆலோசகர்கள் குளிரூட்டிய அறையில் திரைபோட்டு இரண்டு மணி நேரம் விளக்குவதைப் பாண்டியன் ஒரு கல்வெட்டில் முடித்துவிட்டான். நம் மாதிரி இளைஞனுக்கும் அவனுக்கும் வேறுபாடு ஒன்றே. பாண்டியன் முதலை வைத்துக்கொண்டு வட்டியைச் செலவழித்தான். இவன் முதலைச் செலவழித்துவிட்டு வட்டியை வைத்திருக்கிறான், கட்டுவதற்காக.

அதே ஊரில் வைப்புத்தொகை மோசடி பற்றியும் ஒரு கதை வழங்குகிறது. கன்னட நாட்டிலிருந்து பெருஞ்செல்வத்தோடு வந்த பிரம்மச்சாரி ஒருவர், அகத்தியரைப் பார்க்கப் பொதிகைக்குப் போகுமுன் அதைக் கோயில் அர்ச்சகரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாராம். திரும்பி வந்து கேட்டால், அர்ச்சகர் துவரம்பருப்பை எடுத்துக் கொடுத்து, “நீர் தந்தது இதுதானே” என்றாராம். சாமி மேல் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அர்ச்சகர் தந்திரமாக சாமியின் சக்தியைக் கோயில் புளியமரத்துக்கு மாற்றிவைத்தார். சாமி பிரம்மச்சாரியின் கனவில் வந்து விஷயத்தைச் சொல்ல, மறுநாள் புளியமரத்தைக் கட்டிப்பிடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அர்ச்சகர் எரிந்துபோனார். மீண்ட செல்வத்தில் வெட்டியதுதான் கன்னடியன் கால்வாய். வழி காட்டியது ஒரு பசு.

இக்கதையில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது, பணத்தை ஒப்படைக்கும்போது ரசீது வாங்கப்படவில்லை என்பதே. 2020 பிப்ரவரி 4 முதல், ஒரு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அதற்கு முன் நெடுங்காலம் 1 லட்சமாக இருந்தது. அந்த அளவுக்குப் புளியமரத்தின் பணிச்சுமை குறைந்திருக்கிறது. சீட்டுக்கும் சட்டம் இருக்கிறது, 1982-இலிருந்து. பதிவு செய்த சீட்டை நடத்துகிறவர் எடுக்கக்கூடிய அதிகபட்சக் கமிஷன்கூட 5 சதவீதமாக இருந்து 2019-இல் 7 சதவீதமானது. ஆனால் ‘கூட வேலை பார்க்கிறவனின் மாமா பிடிக்கிற’ சீட்டுக்கும், மாதம் பத்து சதவீத லாபம் என்று வாட்ஸாப்பில் வரும் திட்டத்துக்கும் காப்பீடும் கிடையாது, புளியமரமும் கிடையாது. துவரம்பருப்பாவது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

சுலோசன முதலியாரையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே பொருநை என்னும் தாமிரபரணி ஆற்றின் மேல் 1843-இல் பாலம் வந்தது அவர் சொந்தப் பணத்தில். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தார் வேலை. நம் இளைஞன் அந்தப் பாலத்தைத் தினமும் இருமுறை கடக்கிறான், தவணையில் வாங்கிய பைக்கில். முதலியார் அந்தச் செலவை வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதியிருப்பார் என்பது நிதித்திட்டமிடல் துறையில் இன்னும் தீராத சிக்கல். போக்குவரத்தா, மொய்யா?

நீரியல்

இனி மையக் கருதுகோள். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம். சம்பளமும் எட்டைத் தாண்டித்தான் மாதக் கடைசிக்கு வர வேண்டும். ஆற்றுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால் கார், பிசானம் என்று இரண்டு போகம். சம்பளத்துக்கு ஒரே மழை. தீபாவளி போனசைப் பிசானம் என்று வாதிடுவோர் உண்டு. வந்த அன்றே துணிக்கடையில் அறுவடையாகிவிடுவதால் இவ்வாய்வு அதைப் போகமாக ஏற்கவில்லை.

முதல் அணைக்கட்டு, வீட்டுக்கு அனுப்புவது. இதில் ஆராய ஒன்றுமில்லை. அம்மா இரண்டாம் தேதி காலை போன் செய்வார், “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்பார், தண்ணீர் தானே மடை திரும்பிவிடும்.

இரண்டாவது நதியுண்ணி. மாதத்தவணைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த வங்கியாலும் வைக்க முடியாது. செல்போன் ஒரு தவணை, பைக் ஒரு தவணை, அந்த செல்போனின் உடைந்த கண்ணாடிக்கு இன்னொரு தவணை. இதன் இயல்பு, மழை குறைந்தாலும் எடுக்கிற அளவு குறையாது என்பது. உண்மையான நதியுண்ணி அவ்வளவு கறார் அல்ல.

கன்னடியன், வாடகையும் மெஸ்ஸும். அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி ஆகிய மூன்றையும் ரீசார்ஜ், பெட்ரோல், சலூன் என்று கொள்க. விரிக்கின் பெருகும்.

மருதூரில்தான் ஆய்வாளன் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அங்கே மேலக்கால், கீழக்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. நம் ஆய்வில் மேலக்கால் மொய். திருமணமாகாத இளைஞன் எழுதும் மொய் வட்டியில்லாத தொடர் வைப்பு. முதிர்வுத் தேதியை ஜாதகமும் பெண்வீட்டாரும் சேர்ந்து நிர்ணயிக்கிறார்கள். ஆவணியில் மூன்று கல்யாணம் விழுந்தால், 501 வீதம் 1,503 ரூபாய். பத்திரிகை வைத்தவன் நெருங்கிய நண்பனாக இருந்தால் 1,001. அந்தக் கடைசி ஒரு ரூபாய் இல்லாமல் மொய் எழுதுகிறவரிடம் நீட்டினால் அவர் நிமிர்ந்து பார்க்கும் பார்வையைத் தாங்கியவர் யாருமில்லை. முதலீடு என்ற முறையில் மொய்யின் பலம், அது நோட்டில் ஊர்ப்பெயரோடு பதிவாகிறது என்பது. பலவீனம், பணம் திரும்ப வரும்போது அது அப்பாவின் கைக்கு வருகிறது என்பது.

கீழக்கால் அல்வா. வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் திருநெல்வேலிக்காரன் வெறுங்கையோடு போக முடியாது, பழத்தோடும் போக முடியாது. “என்னப்பா, திருநெல்வேலியில இருந்து வாரே, ஆப்பிளா?” என்ற கேள்விக்கு விடையில்லை. தாமிரபரணித் தண்ணீரால்தான் அந்த ருசி என்று ஊர் நம்புகிறது. அப்படியானால் தண்ணீர் பஸ் ஏறிப் பாசனப் பரப்பை விட்டே வெளியேறும் ஒரே வடிவம் அல்வாதான். எனவே நீரியல் நோக்கில் இது கசிவு.

எட்டாவது திருவைகுண்டம், ஆங்கிலேயர் காலத்துக் கட்டுமானம். இதற்குச் சேமிப்பு என்று பெயரிட்டிருக்கிறோம். நம் இளைஞனின் திட்டம் இதுதான்: எல்லாச் செலவும் போக மீதம் வருவதைச் சேமிப்பான். கடைமடை விவசாயியிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னால் சிரிக்கக்கூட மாட்டார். மேலே எல்லோரும் பாய்ச்சிய பிறகு மிஞ்சுவது வந்து சேரும் என்று நம்பி அவர் நாற்றுவிட்டதில்லை.

வட்டி

ஊர்க்கணக்கில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு, ஆண்டுக்கு 24 சதவீதம். ‘பத்து வட்டி’ ஆண்டுக்கு 120. யாராவது மூன்றரை வட்டிக்கு வாங்கியிருக்கிறான் என்று தெரிந்தால் வீரவநல்லூரில் தாத்தா தலையில் அடித்துக்கொள்வார். அதே மூன்றரை, பளபளப்பான அட்டையில் பெயர் பொறித்துக் கூரியரில் வந்தால், பேரன் அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறான். கடன் அட்டை நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதம் என்று கொண்டால் 20,000 ரூபாய்க்கு வட்டி 700. ‘குறைந்தபட்சம் கட்டினால் போதும்’ என்று அவர்கள் கேட்கும் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்றால் 1,000. கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். கடன் குறைந்தது 300. தாத்தாவுக்கு இந்த அட்டையின் விகிதத்தை ஊர்க்கணக்கில் மொழிபெயர்த்துச் சொல்வதே நாட்டில் நிதிக்கல்வி பரப்ப மலிவான வழி என்று இவ்வாய்வாளர் கருதுகிறார்.

2003-இல் தமிழ்நாட்டில் அதீத வட்டித் தடைச் சட்டம் வந்தபோது, அதன் வரையறைப் பகுதி நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தனித்தனியே பெயர் சொல்ல நேர்ந்தது. மணிக்கணக்கில் வட்டி என்பது சட்டம் எழுதியவர் கற்பனை அல்ல. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் கந்து வட்டிக் கொடுமையால் தீக்குளித்ததை இந்த ஊர் மறக்கவில்லை. ஆகவே இந்தப் பத்தியில் பகடி இல்லை. இப்போது செல்போன் செயலியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறவர்கள் சிலர், தொடர்பு எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்பது எதற்கு என்பதை மட்டும் வாசகர் யோசித்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சி

இக்கடன்களுக்கெல்லாம் எதிர்முனையில் இருப்பது தெருமுனை அண்ணாச்சி கடைப் பற்று நோட்டு. வட்டி பூஜ்யம். சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை ஓடுகிறது. அண்ணாச்சியின் முறையில் ஒரே கேள்வி: “தம்பிக்கு எந்த ஊரு, யாரு வீட்டுப் பையன்?” பதிலைப் பொறுத்து முட்டை கிடைக்கும், அல்லது சில்லறை இல்லை என்ற பதில் கிடைக்கும். பாக்கி நின்றால் வசூல் ஆள் வரமாட்டார். அண்ணாச்சி, கடையில் நாலு பேர் நிற்கும்போது, “தம்பி, ஊருக்குப் போனா அப்பாவைக் கேட்டேன்னு சொல்லு” என்பார். எந்த வங்கியின் சட்ட அறிவிப்புக்கும் இந்த வலு கிடையாது.

கண்டறிந்தவை

தென்மாவட்ட நாடார் வணிகர்கள் மகமை என்று ஒன்று வைத்திருந்தார்கள். சரக்கு கைமாறும்போதே பொதுநிதிக்கு ஒரு சிறு தொகை எடுத்துவைக்கப்பட்டுவிடும். லாபம் வந்த பிறகு பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. பள்ளிக்கூடங்கள் எழுந்தன. 1921-இல் தூத்துக்குடியில் அந்தச் சமூகம் தொடங்கிய நாடார் வங்கி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி இன்றும் நடக்கிறது. நம் மாதிரி இளைஞனிடம் ஆய்வு முழுவதிலும் கெடாமல் இருந்த ஒரே பணமும் இவ்வகையதுதான்: வருங்கால வைப்புநிதி. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் அவன் கண்ணில் படுமுன்பே பிடிக்கப்படுகிறது. அவனுடைய மன உறுதிக்கு அதில் பங்கேதும் இல்லை. வேலை மாறும்போது அதையும் உடைத்து எடுக்க முடியுமா என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறான்.

எனவே எட்டாவது அணைக்கட்டைப் பெயர்த்தெடுத்து முதலாவதுக்கும் மேலே வைக்கும்படி இவ்வாய்வு அவனுக்குப் பரிந்துரைத்தது. தபால் அலுவலகத் தொடர்வைப்புக்கு மாதம் 100 ரூபாய் இருந்தாலே போதும், காலம் 60 மாதம். ஒன்றாம் தேதியே 1,500 போனால் முதல் மட்டும் 90,000. மீதி 16,500-இல் இருபதாம் தேதி வரை ஓட்டுவது, 18,000-இல் இருபதாம் தேதி வரை ஓட்டியதைவிடக் கடினமாக இருக்காது என்பது எங்கள் துணிபு. இரண்டிலும் இருபதாம் தேதிதானே.

அவன் ஒத்துக்கொண்டான். அடுத்த மாதத்திலிருந்து.

மேலாய்வுக்கு விடப்பட்டது

அறையில் உள்ள மூவருக்கும் இடையே நிலவும் கைமாற்றுகளைக் கள ஆய்வில் வரைபடமாக்கினோம். முதலாமவன் இரண்டாமவனுக்கு 500 தர வேண்டும். இரண்டாமவன் மூன்றாமவனுக்கு 500. மூன்றாமவன் முதலாமவனுக்கு 500. ஒருவரும் ஒரு காசு எடுக்காமலே மூன்று கடனும் இந்த நிமிடமே தீர்ந்துவிடும் என்பதைத் தாளில் அம்புக்குறி போட்டு விளக்கினோம். மூவரும் நெடுநேரம் தாளைப் பார்த்தார்கள். பிறகு மூத்தவன் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

“அதெல்லாம் எங்களுக்கும் தெரியும்ணே. இதைத் தீர்த்துட்டா, நாளைக்கு இவன் வந்து ‘மாப்ளே, ஒரு ஐநூறு இருக்கா, ஒண்ணாந்தேதி தந்துருதேன்’னு கேட்டா, ‘முதல்ல நீ தர வேண்டியதைத் தாலே’ன்னு எப்படிச் சொல்லுவேன்?”