ஆளை விற்க நல்ல நேரம் எது?

கேள்வி: ஹாக்கியில் ஒரு நட்சத்திர வீரரை எப்போது கைமாற்றினால் அதிக விலை கிடைக்கும்?
(கல்லூரி மாணவர், தல்லாகுளம்)

பதில்: கொடுக்க மனசே வராத நேரத்தில். 'இவன் இல்லாமல் ஒரு டீமா?' என்று உங்களுக்குத் தோன்றும்போதுதான் வாங்க வருகிறவருக்கும் அப்படித் தோன்றும். 'போனால் போகட்டும்' என்று நீங்கள் நினைக்கும் நாளில் அவரும் பர்ஸை மூடிவிடுவார்.

ஆளைக் கொடுத்து ஆளை வாங்குவது கனடா, அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கியில் அன்றாட வியாபாரம். 1988 ஆகஸ்ட் 9 அன்று எட்மண்டன் அணி வேய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தள்ளிவிட்டது. வயது 27. ஐந்து வருடத்தில் நான்காவது ஸ்டான்லி கோப்பையைத் தூக்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பதிலுக்கு வந்தது ஒன்றரைக் கோடி டாலர், இரண்டு இளம் வீரர்கள், பிற்பாடு புதுமுகங்களை முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்ள மூன்று வாய்ப்புகள். ஊரே கொதித்தது. உரிமையாளர் போக்லிங்டனின் கொடும்பாவி எரிந்தது, கனடா பாராளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் அரசே தலையிட வேண்டும் என்றார். 1990இல் அதே எட்மண்டன் அவர் இல்லாமலே கோப்பையை வென்றது. அப்புறம் கிரெட்ஸ்கி கைக்குக் கோப்பை வரவே இல்லை.

இதை வைத்துப் போக்லிங்டனைப் பெரிய சாணக்கியர் ஆக்கிவிடாதீர்கள். மனிதருக்குப் பணமுடை. நேரம் தானாக அமைந்தது.

கேள்வி: விற்காமல் வைத்துக்கொண்டால் என்ன குடிமுழுகிவிடும்?
(வாசகர், செல்லூர்)

பதில்: நியூயார்க் ஐலண்டர்ஸைக் கேளுங்கள். கேப்டன் ஜான் டவாரெஸின் ஒப்பந்தம் 2018 கோடையோடு முடிகிறது. 'எங்கே போய்விடப் போகிறார்' என்று இருந்துவிட்டார்கள். ஜூலை 1 அன்று டொரண்டோவுடன் ஏழு வருடத்துக்கு 7.7 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயேவிட்டார். ஐலண்டர்ஸுக்குப் பதிலுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை.

கணக்கு இதுதான். ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் பாக்கி இருந்தால், வாங்குகிறவர் இரண்டு வருட ஆட்டத்துக்கு விலை தருவார். மூன்று மாதம்தான் பாக்கி என்றால் மூன்று மாத விலைதான். அதற்குப் பிறகு அவர் உங்கள் சரக்கே இல்லை.

கேள்வி: வாடிவாசல்ல பிடிபடாம வெளிய வந்த மாட்டுக்கு அந்த இடத்துலயே விலை கேப்பாங்க. நீங்க சொல்றது அதுதானே?
(காளை வளர்ப்பவர், அலங்காநல்லூர்)

பதில்: அதேதான் அண்ணே. அன்றைக்குக் கிடைக்கும் விலை அடுத்த தைக்குக் கிடைக்காது, நடுவில் ஒரு பொடிப்பயல் திமிலைப் பிடித்துத் தொங்கிவிட்டால் முடிந்தது கதை. ஆனால் நீங்கள்தான் விற்க மாட்டீர்களே! விலை கேட்ட ஆளை முறைத்துப் பார்த்து அனுப்பியிருப்பீர்கள். எட்மண்டனில் கொடும்பாவி எரித்தவர்களும் உங்கள் ஜாதிதான்.

கேள்வி: 2025 டிசம்பரில் நம்ம மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஜூனியர் உலகக் கோப்பை பார்த்தேன். அந்தப் பையன்களையும் இப்படி வாங்கி விற்பார்களா?
(வாசகர், புதூர்)

பதில்: அந்த அளவுக்கு இல்லை. நம் ஹாக்கியில் முக்கியமான சந்தை ஏலம்தான். ஏலத்தில் நேரத்தைக் குறிப்பவர் விற்கிறவர் இல்லை, ஏலம் நடத்துகிறவர்.

ஹாக்கி இந்தியா லீக் 2017க்குப் பிறகு நின்றுபோனது. 2021இல் டோக்கியோவில் 41 வருடம் கழித்து ஒலிம்பிக் பதக்கம் வந்தது. நாடே கொண்டாடியது, ஆனால் அந்த மவுசைக் காசாக்க ஏலம் இல்லை. 2024 ஆகஸ்டில் பாரிஸில் மறுபடி வெண்கலம். அந்தத் தொடரில் ஹர்மன்பிரீத் சிங் அடித்தது பத்து கோல். இரண்டே மாதத்தில், அக்டோபரில், ஏலம் வந்தது. சூர்மா அணி அவரை 78 லட்சத்துக்கு எடுத்தது. ஒரு அணியின் மொத்தக் கையிருப்பே 4 கோடி, அதில் 24 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஐந்தில் ஒரு பங்கை ஒரே ஆளுக்குக் கொட்டினார்கள் என்றால் பதக்கத்தின் சூடு எப்படி இருந்திருக்கும், பாருங்கள். நம் தமிழ்நாடு டிராகன்ஸும் சும்மா இல்லை. நெதர்லாந்தின் பெனால்டி கார்னர்க்காரர் யிப் யான்சனுக்கு 54 லட்சம், அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம்.

ஸ்ரீஜேஷைப் பாருங்கள். டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் கோல்போஸ்ட்டைக் காத்த மனிதர். பாரிஸ் பதக்கத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார். ஏலத்தில் அவர் பெயரைக் கூவியிருந்தால் எங்கே போய் நின்றிருக்குமோ! ரேஸ் கோர்ஸில் நீங்கள் பார்த்த இந்தியப் பையன்களுக்குப் பயிற்சியாளராக ஓரத்தில் நின்றவர் அவர்தான்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. நன்றாக ஹாக்கி ஆடுகிறான். ஏலம், கோடி எல்லாம் இருக்கட்டும், அவனுக்கு எப்போது வேலை கிடைக்கும்?
(ஒரு தாய், கோவில்பட்டி)

பதில்: இந்த வாரக் கேள்விகளில் விவரமான கேள்வி உங்களுடையதுதான் அம்மா. கோவில்பட்டிக்காரர்களுக்கு ஹாக்கியும் தெரியும், அதன் கணக்கும் தெரியும். உங்கள் ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டார். கூடவே அறிமுகமானவர் அரியலூர் கார்த்தி செல்வம்.

நம் நாட்டில் ஹாக்கி வீரருக்கு நிரந்தர விலை கொடுப்பது ரயில்வேயும் வங்கியும் எண்ணெய்க் கம்பெனியும் போலீசும்தான். அதற்கும் நேரம் உண்டு. ரயில்வே விளையாட்டுக் கோட்டாவில் வயது 18 முதல் 25 வரை. சாதனையும் நடப்பு நிதியாண்டிலோ முந்தைய இரண்டு நிதியாண்டிலோ செய்ததாக இருக்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முந்தைய மெடல் ஷோகேஸில் பளபளக்கும், விண்ணப்பத்தில் செல்லாது. அதனால் மாநில அணிக்கு ஆடிய சர்டிபிகேட் கைக்கு வந்ததும் அறிவிப்புகளைப் பார்க்க ஆரம்பித்துவிடுங்கள். 'இன்னும் பெரிய போட்டி வரட்டும்' என்று காத்திருக்கும்போது முழங்கால் காத்திருக்காது.

கேள்வி: ஜடேஜாவை சி.எஸ்.கே. கொடுத்தது நியாயமா?
(வயிறெரியும் ரசிகை, திருமங்கலம்)

பதில்: நியாயம் இல்லை, வியாபாரம். 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்தாரே, அந்த ராத்திரி அவரை விலை கேட்டிருந்தால் ராஜஸ்தான் அரண்மனையையே எழுதிக் கொடுத்திருக்கும். ஆனால் அன்றைக்கு விற்றிருந்தால் சேப்பாக்கத்தைக் கொளுத்தியிருப்பீர்கள், முதல் தீக்குச்சி உங்களுடையதாக இருந்திருக்கும். 2025 நவம்பரில் ராஜஸ்தானுக்குக் கொடுத்தபோது வயது 36, சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கியது, துணைக்கு சாம் கரனையும் சேர்த்து அனுப்பித்தான் சஞ்சு சாம்சனை வாங்க முடிந்தது. கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். முதல் பஸ்ஸில் ஏறியிருந்தால் உட்கார இடம் கிடைத்திருக்கும்.

கேள்வி: வாங்குகிறவருக்கு மட்டும் நல்ல நேரம் என்று ஒன்று கிடையாதா?
(வாசகர், மேலூர்)

பதில்: நம் கபடி அணி தமிழ் தலைவாஸிடம் கேட்காதீர்கள், அழுதுவிடுவார்கள். 2022இல் 2.26 கோடி கொடுத்து பவன் செராவத்தைக் கொண்டுவந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. அவர் இல்லாமலே அந்த வருடம்தான் அணி முதல்முறையாக அரையிறுதி பார்த்தது.

கேள்வி: அப்புறம் அவரை விட்டுவிட்டார்களா?
(அதே மேலூர் வாசகர், அடுத்த தபாலில்)

பதில்: விட்டார்கள். 2025இல் 59.5 லட்சத்துக்கு மறுபடி வாங்கினார்கள். சீசன் முடிவதற்கு முன்பே மறுபடி விட்டார்கள்.