கேள்வியில நையாண்டி கூடாதாம், மருமகனே

மருமகனே, ஒருவழியா ஜெயிச்சு டெல்லிக்குப் போயிட்டீரு. சந்தோசம். அன்னைக்கு மாலையும் துண்டுமா வந்த கூட்டத்துல வெறுங்கையோட ஓரமா நின்ன கெழவன் நாந்தான். துண்டு கொண்டு வந்திருந்தாலும் இந்நேரம் அத வச்சு உம்ம டிரைவர் வண்டியத் துடைச்சிக்கிட்டு இருப்பான். அதனால ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். இதுக்குச் சாயம் போகாது.

மக்களவையில நீரு கேட்ட கேள்விய பேரன் போன்ல எடுத்துக் காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்துக்கூட்டி வாசிச்சேன். அனைவருக்கும் வீடு வழங்க அரசிடம் திட்டம் ஏதேனும் உள்ளதா. ஆம் எனில் அதன் விவரம் என்ன. இல்லையெனில் அதற்கான காரணம் என்ன. அடடா! கல்யாண வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, “இங்க சாப்பாடு உண்டா?”ன்னு கேட்ட மாதிரில்லா இருக்கு. உண்டுன்னுதான் சொல்லுவான். சொல்லிட்டு நாலு பக்கத்துக்குச் சமையல் பெருமையும் எழுதி அனுப்புவான். உம்ம எலையில என்ன விழுந்துச்சு?

அந்த ‘உள்ளதா’ இருக்குல்லா, அதுதான் வேலியில நீரே விட்ட பொத்தல். ‘இல்லை’ன்னு பதில் வந்தா இன்னும் மோசம். (அ) இல்லை. (ஆ), (இ), கேள்வி எழவில்லை. முடிஞ்சுது சோலி. நீரு ராத்திரி முழிச்சிருந்து எழுதின கேள்வி, படுத்தது படுத்தபடியே கெடக்கும்.

இன்னொரு பதிலும் தயாரா வச்சிருக்காவ. வீட்டு வசதி பத்தி எதைக் கேட்டாலும் நிலமும் குடியேற்றமும் மாநிலப் பொருள்னு ஆரம்பிப்பாவ. மாநிலத்துக்கிட்ட போனா, டெல்லியில இருந்து பணம் இன்னும் வரலேம்பாவ. ஊரக வீட்டுத் திட்டத்துல 60 பங்கு அங்க, 40 பங்கு இங்க. பங்காளிக வீட்டுக் கெணறு மாதிரிதான். தண்ணி எறைக்கணும்னா ரெண்டு பேரும் வந்து நிப்பாவ, தூர் வாரணும்னா ரெண்டு பேரும் வெளியூரு.

மக்களவை விதி 41 வாசிச்சீரா? கேள்வி 150 வார்த்தைக்கு மேல போகப்படாதாம். வாதம் பண்ணப்படாது, அபிப்பிராயம் கேக்கப்படாது, யாரையும் குத்திக் காட்டப்படாது. எல்லாத்துக்கும் மேல, கேள்வியில நையாண்டி கூடாதாம்! நெசமாவே அப்படி எழுதி வச்சிருக்காவ. எனக்கு அந்தப் பக்கம் வாற ஆசை அத்தோட போச்சு. ஆனா பதில்ல நையாண்டி கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கல, பாத்துக்கிடும்.

கேக்கிறதும் லேசுப்பட்ட காரியமில்ல. பதினஞ்சு நாளைக்கு முன்னாலயே எழுதிக் குடுக்கணும். அப்புறம் குலுக்கல். வாயால பதில் சொல்லுற நட்சத்திரக் கேள்வி நாளைக்கு 20, எழுத்தால சொல்லுறது 230. அந்த இருபதையும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்கிறது அபூர்வம். 2019 நவம்பர்ல ஒருநாள் இருபதும் முடிஞ்சதுக்கு, 1972-க்குப் பிறகு இப்பத்தான்னு பத்திரிகையில சேதி போட்டான். வேலைய முடிச்சதே சேதியாயிட்டு!

இதுல சில பேரு தாயம் விழுந்து துணைக் கேள்வி கேக்க எந்திரிச்சதும், தலைவருக்கு நன்றி, தொகுதி மக்களுக்கு வணக்கம், அமைச்சருக்குப் பாராட்டுன்னு பாதி நேரத்தத் தின்னுட்டு, கடைசியில கேள்விய மறந்துட்டு உக்காந்திருக்காவ. நீரும் அந்தச் சாதி இல்லையே? அப்படின்னா இப்பவே சொல்லிரும், நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்.

கேள்வி என்னத்தக் கிழிக்கும்னு எளக்காரமா நெனைக்காதயும். 1957-ல எல்.ஐ.சி. பணத்த முந்த்ராங்கிற வியாபாரியோட கம்பெனிகள்ல போட்ட விசயத்த பெரோஸ் காந்தி சபையில விடாம நோண்டினாரு. அவரு ஆளுங்கட்சிக்காரரு, அதுவும் பிரதமர் நேருவோட மருமகன். கடைசியில நீதிபதி சாக்ளாவோட விசாரணை வந்து, 1958-ல நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம மதராஸ்காரரு, பதவிய விட்டு எறங்குனாரு. மாமனாரு அரசாங்கத்தையே கேட்ட மருமகன் அவரு. நீரு மாமன் சொல்லுறதக் கேட்டாலே எனக்குப் போதும்.

கேக்கப் போயி கெட்டவங்களும் உண்டு. 2005 டிசம்பர்ல, கேள்வி கேக்கத் துட்டு வாங்கினதுக்காக ரெண்டு சபையிலயும் சேத்து 11 உறுப்பினர்கள வெளிய அனுப்பினாவ. ரகசியக் கேமராவுல சிக்கிட்டாவ. கேக்காம இருக்கத் துட்டு வாங்குறவனப் பிடிக்கிற கேமராதான் இன்னும் வந்தபாடில்ல.

சரி, டெல்லி கெடக்கட்டும். மேலத்தெரு வேப்பமரத்துக்கு எதுத்தாப்புல ஒரு வீடு நிக்குதே, ஓட்டுக் கேக்க வந்தப்ப அதுக்கு முன்னால நின்னுதான் கும்பிட்டீரு. வீடுன்னு நெனைச்சு கும்பிட்டீரோ, கோயில் மண்டபம்னு நெனைச்சீரோ, தெரியல. நாலு பக்கமும் லிண்டல் மட்டத்துக்குச் சுவரு. மேல வானம். கம்பி துருப்பிடிச்சு, மழை பெஞ்சா சுவத்துல காவிக் கோடு எறங்குது. உள்ள ரெண்டு வெள்ளாடு. சட்டப்படி பயனாளி அதுக இல்ல, ஆனா கெரகப்பிரவேசம் அதுகளுக்குத்தான் ஆச்சு.

சமவெளியில அந்த ஊரக வீட்டுத் திட்டத்துல வீட்டுக்கு 1.20 லட்சம். கூரைக்குன்னு நம்ம மாநிலம் மேல கொஞ்சம் போடுது. வீடு 25 சதுர மீட்டருக்குக் குறையப்படாது. கயித்தால அளந்து பாத்தேன்: ரெண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு சாமி படம், விருந்தாளி வந்தா வீட்டுக்காரன் வெளிய நிக்கணும். துட்டு மொத்தமா வராது. அஸ்திவாரம், லிண்டல், கூரைன்னு ஒவ்வொரு கட்டத்துக்கும் போன்ல படம் பிடிச்சு ஏத்தினாத்தான் அடுத்த தவணை. அந்த வீட்டுக்காரப் பிள்ள தல சீவி, பூ வச்சு, சுவத்துக்கு முன்னால நின்னு படம் எடுத்துக்கிட்டா. படம் சரியா ஏறலேன்னாவ. மறுபடி எடுத்தாவ. கொத்தனாரு எத்தன நாளைக்குக் காத்திருப்பாரு? வேற ஊருல சோலி கெடைச்சுப் போயிட்டாரு. சல்லி வெலையும் ஏறிப் போச்சு.

அடுத்த வீட்டுக் கதை இன்னும் ருசி. 2011-ல கணக்கெடுக்க வந்தப்ப முத்தத்துல ஒரு ஓட்ட டி.வி.எஸ்.50 நின்னுச்சு. எழுதிட்டாவ. எஞ்சின் வண்டி வச்சிருக்கிறவனுக்கு வீடு கெடையாதுங்கிறது அப்பத்த விதி. குளிர்சாதனப் பெட்டி இருந்தாலும் இல்ல, தரைவழி போன் இருந்தாலும் இல்ல. 2024-லதான் அதத் தளர்த்தினாவ. அந்த வண்டி எழுதின மறு வருசமே நின்னு போச்சு. பணக்காரப் பட்டம் மட்டும் 13 வருசம் ஓடிச்சு, பெட்ரோல் இல்லாமயே.

எல்லாருக்கும் வீடு 2022-க்குள்ளன்னாவ. அப்புறம் 2024 மார்ச்சுன்னாவ. இப்ப இன்னும் 2 கோடி வீட்டச் சேத்து 2029-ன்னு போயிருக்கு. சென்னை சர்க்காரு, ஊர்ப்புறத்துல 8 லட்சம் வீடு, 2030-க்குள்ள குடிசையில்லாத் தமிழ்நாடுன்னாவ. கனவு இல்லம்னு பேரு வச்ச அந்தத் திட்டத்துல வீட்டுக்கு 3.5 லட்சம், 360 சதுர அடி. வீட்ட நான் தப்புச் சொல்ல மாட்டேன், கட்டி முடிச்ச வீட்டுல படுத்துப் பாத்தவங்களும் நம்ம ஊருல இருக்காவ. அதனாலதான் சொல்லுதேன், திட்டம் உண்டான்னு கேக்காதயும். எத்தன நின்னு போச்சு, எந்த மட்டத்துல நின்னுச்சு, எத்தன மாசமா நிக்கின்னு கேளும். மொத்தக் கணக்கு வேண்டாம், அது இணையதளத்துல இருக்குன்னு கையக் காட்டிருவான். ஒன்றியவாரியா கேளும்.

அமைச்சரு “பரிசீலனையில் உள்ளது”ன்னோ “தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்”னோ சொன்னா, கைதட்டிட்டு உக்காந்திராதயும். அதெல்லாம் வாக்குறுதிக் கணக்குல சேரும். அதக் கண்காணிக்கவே 1953-ல இருந்து ஒரு உறுதிமொழிக் குழு இருக்கு. மூணு மாசத்துல நெறவேத்தணும். தேதியக் காலண்டர்ல குறிச்சு வையும். பால்காரன் கணக்கக் குறிக்கிற உம்ம வீட்டம்மாகிட்ட குடுத்தா இன்னும் நல்லது, அவ மறக்க மாட்டா.

இன்னொண்ணு. மாவட்டத்துல இந்தத் திட்டங்கள மேற்பார்க்க திஷான்னு ஒரு கூட்டம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ நடக்கணும். தலைமை நாடாளுமன்ற உறுப்பினரு. அதாவது நீரு! கலெக்டரு பக்கத்துல உக்காந்திருப்பாரு. அங்க குலுக்கல் இல்ல, 150 வார்த்தை இல்ல, நையாண்டிக்குத் தடையும் இல்ல. டீ, முறுக்கோட முடிச்சிட்டு வந்திராதயும்.

உமக்குச் சோலி அதிகம்னு தெரியும். அதனால அடுத்த கூட்டத்தொடருக்கு நானே ஒண்ணு பேரன வச்சு எழுதியிருக்கேன்: “(அ) நமது மாவட்டத்தில் ஊரக வீட்டுத் திட்டத்தின் கீழ் லிண்டல் மட்டத்தில் ஓராண்டுக்கு மேல் நின்றுபோன வீடுகளின் எண்ணிக்கை, ஒன்றியவாரியாக, (ஆ) அவற்றுள் படம் ஏற்றப்பட்டும் தவணை வழங்கப்படாதவை எத்தனை, அதற்கான காரணங்கள், (இ) இருசக்கர வாகனத்தால் முன்பு நீக்கப்பட்டு, 2024-க்குப் பின் பட்டியலில் சேர்க்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை, (ஈ) நிலுவைத் தவணைகள் வழங்கப்படும் தேதி.”

நம்ம மாவட்டத்துப் பேர மட்டும் நீரு நெரப்பிக்கிடும். எண்ணிப் பாத்துட்டேன், 150-க்குள்ளதான் இருக்கு. நையாண்டி ஒண்ணுமில்ல.